அந்தப் பழுப்புப் பருந்து யார் வீட்டுப் பிள்ளை?

மலாக்கா, கிளேபாங் கடற்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகப் போகிறார்கள். தேங்காய் ஷேக் குடிக்க, மணல்மேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள, அருங்காட்சியகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க. நான்காவது காரணம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிடுகிறது. அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. அண்ணாந்து பார்க்கத்தான் ஆளில்லை.

வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, செங்கல் நிற உடல். இதைப் பார்த்ததும் பலருக்கும் தெரியும்: செம்பருந்து. மலாய் நண்பர்கள் 'ஹெலாங் மேரா' என்பார்கள். நம் வீடுகளில் இது கருடன். கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே இது வட்டமிடாதா என்று கூட்டமே வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும். வந்துவிட்டால் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அதே கடற்கரையில், சில நேரங்களில் அதே செம்பருந்தின் பக்கத்திலேயே, மங்கலான பழுப்பு நிறப் பறவை ஒன்றும் பறக்கும். தலையில் வெள்ளை இல்லை. உடலெல்லாம் பழுப்புக் கீற்றுகள். அதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. வேறு ஏதோ ஒரு பருந்து என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுவும் கருடன்தான். அந்தச் செம்பருந்தின் பிள்ளையாகவே இருக்கலாம்.

இளம் செம்பருந்து முதல் ஆண்டில் பழுப்பாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் தலையும் நெஞ்சும் வெளிறத் தொடங்கும். மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் நாம் அறிந்த வெள்ளையும் செம்மையும் முழுமையாக வரும். நம் கடலோரத்தில் உள்ள வெண்வயிற்றுக் கடற்கழுகு இதைவிடவும் மெதுவானது. இறக்கை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம் வரும் அந்தப் பெரிய பறவை முதிர்ந்த நிறத்தை அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

சிறியதாக இருந்தால் குஞ்சா?

மாணவர்களிடம் 'இளம் பருந்தை எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று கேட்டால் வரும் முதல் பதில் 'சிறியதாக இருக்கும்' என்பதுதான். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, ஏன், கோழிக்குஞ்சைப் பார்த்தும் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. பருந்துகளில் அது பொருந்தாது.

கோழிக்குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே நடக்கும். பிறகு நம் கண்முன்னே வளரும். பருந்துக் குஞ்சு அப்படியல்ல. அதன் வளர்ச்சி முழுவதும் கூட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பறக்கக் கிளம்பும் நாளில் அது ஏறத்தாழத் தாய் தந்தையின் அளவுக்கு வந்திருக்கும். எனவே வானத்தில் சிறிய பருந்து ஒன்றைக் கண்டால் அது குஞ்சு என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு இனமாக இருக்கலாம், அல்லது ஆண் பறவையாக இருக்கலாம். பருந்து, வல்லூறு இனங்களில் பெரும்பாலும் ஆணைவிடப் பெண்ணே பெரியது. 'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது' என்ற பழமொழியைச் சொன்னவர் அளவை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பருந்தின் வயதை அளவை வைத்துச் சொல்ல முடியாது.

பிறகு எதை வைத்துச் சொல்வது? இறகின் நிறம், இறகு ஓரம், கண்ணின் நிறம், நடத்தை. இந்த நான்கும்தான் சாட்சிகள்.

இளம் பறவையின் இறகுகள் எல்லாம் கூட்டில் ஒரே காலத்தில் முளைத்தவை. அதனால் அவை ஒரே மாதிரிப் புதிதாக இருக்கும். பல இனங்களில் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிர் நிறக் கோடு ஓடும். முதுகைப் பார்த்தால் மீன் செதில் அடுக்கியதுபோல் தெரியும். முதிர்ந்த பறவை இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்த்து மாற்றுவதால் அதன் இறக்கையில் பழையதும் புதியதும் கலந்திருக்கும். ஓரிடத்தில் இடைவெளியும் தெரியலாம்.

கிளேபாங்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. இளம் செம்பருந்தும் கரும்பருந்தும் பழுப்பு நிறத்தில் ஒன்றுபோல் இருக்கும். கரும்பருந்து நம் நாட்டுக்கு வடக்கிலிருந்து வலசை வரும் விருந்தாளி. இந்த இடத்தில் வாலைப் பாருங்கள். செம்பருந்தின் வால் முனை வட்டமானது. கரும்பருந்தின் வால் நடுவில் சற்றுப் பிளந்திருக்கும். நிறம் ஏமாற்றும் இடத்தில் வடிவம் கைகொடுக்கும்.

செம்பனைக்கு மேலே ஒரு வெள்ளைப் பறவை

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால், புல்வெளிகளிலும் இளம் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் கருந்தோள் பருந்தைக் காணலாம். சாம்பலும் வெள்ளையுமான உடல், தோளில் கருப்பு, கண்ணைச் சுற்றிக் கருமை. நீளம் 33 சென்டிமீட்டர் அளவுதான். புறாவைவிடக் கொஞ்சம் பெரியது. மலாயில் இதற்கு 'லாங் திக்குஸ்' என்று பெயர். திக்குஸ் என்றால் எலி. பெயரிலேயே உணவுப் பட்டியல் இருக்கிறது.

இது வேட்டையாடும் முறை தனி அழகு. புல்லுக்கு மேலே காற்றில் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். தலை மட்டும் அசையாது. எலி அசைந்தால் கால்களைத் தொங்கவிட்டபடி இறங்கும்.

இளம் பறவைக்கு உச்சந்தலையிலும் நெஞ்சிலும் துருப்பிடித்ததுபோல் பழுப்புச் சாயம் இருக்கும். முதுகில் நான் முன்பு சொன்ன மீன் செதில். கண்ணையும் கவனியுங்கள். முதிர்ந்த கருந்தோள் பருந்தின் கண் இரத்தச் சிவப்பு. இளையதன் கண் பழுப்பாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சிவக்கிறது. வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. நல்ல படம் ஒன்று எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். பறவையைப் படம் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம். படம் என்பது சாட்சியம்.

பூங்காக்களில் மரம் அடர்ந்திருந்தால் மூன்றாவது ஒன்றையும் தேடலாம்: கொண்டை வல்லூறு. ஆங்கிலத்தில் 'ஹாக்' என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சங்க இலக்கியத்தில் 'எழால்' என்ற பெயரில் வேட்டைப் பறவை ஒன்று வருகிறது. வல்லூறு என்பதும் நமக்குப் பழைய சொல்தான். குட்டையான வட்ட இறக்கை, நீண்ட வால் ஆகியவை கிளைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து பறப்பதற்கான அமைப்பு. காட்டுப் பறவையாக இருந்த கொண்டை வல்லூறு இன்று சிங்கப்பூர், தைப்பே போன்ற நகரங்களில் பூங்கா மரங்களிலேயே கூடு கட்டுகிறது. இளையதன் நெஞ்சில் நீர்த்துளிகள் வழிந்ததுபோல் நெடுக்குக் கீற்றுகள் இருக்கும். முதிர்ந்ததன் வயிற்றிலோ குறுக்குப் பட்டைகள் உண்டு. நெடுக்கா, குறுக்கா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கூட்டிலிருந்து கிளைக்கு

செம்பருந்து பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். கருந்தோள் பருந்து மூன்று, நான்கு. கருந்தோள் பருந்து ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். அதன் குஞ்சு இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கூட்டில் இருக்கும். செம்பருந்துக் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப ஏறக்குறைய ஏழு வாரம் பிடிக்கும். இந்த நாள்களில் வீட்டு வேலை தெளிவாகப் பிரிந்திருக்கும். ஆண் பெரும்பாலும் வேட்டைக்குப் போகும். பெண் கூட்டைக் காக்கும். உச்சி வெயிலில் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும், மழையில் குடையாகும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளம்பும் நாள் நெருங்க நெருங்கக் குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகும். பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவும். திரும்பி வரும். மீண்டும் தாவும். சில சமயம் தவறிக் கீழே விழும். இந்தக் கட்டத்தில்தான் பல குஞ்சுகள் மனிதர் கையில் சிக்குகின்றன. 'பாவம், தாயை இழந்த குஞ்சு' என்று வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். தாய் எங்கும் போகவில்லை. முப்பது மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் உட்கார்ந்து, தூக்கிப் போகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கும். காயம் இல்லாத குஞ்சைத் தொடாதீர்கள். நாய், பூனை தொல்லை இருந்தால், பெரியவர் ஒருவர் அதைப் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகினால் போதும். காயம் இருந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்கா பாதுகாப்புத் துறையை, அதாவது பெர்ஹிலித்தானை அழையுங்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடித்து வளர்ப்பது குற்றம். அன்பினால் செய்தேன் என்பது விலக்காகாது.

பறக்கத் தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்குப் பெற்றோர்தான் சோறு போடுவார்கள். இளம் பறவைகளைக் கண்டுபிடிக்கச் சிறந்த காலம் இதுதான், ஏனென்றால் அவை கத்திக்கொண்டே இருக்கும். பசி, பசி, பசி. ஒரே மரத்திலிருந்து ஒரே குரல் மீண்டும் மீண்டும் கேட்டால் அங்கே நில்லுங்கள். கருந்தோள் பருந்துகளில் தந்தை எலியுடன் வரும்போது பிள்ளை எழும்பிச் சென்று நடுவானிலேயே கால் நீட்டி வாங்கிக்கொள்வதும் உண்டு. இளசுகள் இலை, குச்சி போன்றவற்றின் மேல் பாய்ந்து பிடிப்பதையும் பார்க்கலாம். பார்ப்பதற்கு விளையாட்டு, உண்மையில் வேட்டைப் பயிற்சி.

அந்தப் பயிற்சி முடிய அவற்றுக்கு நிறைய நாள் இல்லை. வேட்டைப் பறவைகள் பலவற்றில், பறக்கத் தொடங்கிய குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. பெரும்பாலும் பட்டினிதான் காரணம். பாய்ந்து பிடிக்கத் தெரிவதற்குள் பெற்றோர் உணவைக் குறைத்துவிடுகிறார்கள்.

தோட்டப்புற மாணவர்களுக்கு நெருக்கமான இன்னோர் ஆபத்து எலி மருந்து. செம்பனைக் குலைகளை எலி கடிப்பதால் தோட்டங்களில் விஷம் வைக்கிறார்கள். பல எலி மருந்துகள் இரத்தம் உறையாமல் தடுப்பவை. எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பருந்துக்கு எளிது. அது நேராகக் குஞ்சின் வாய்க்குப் போகிறது. எலியைக் குறைக்க வந்த மருந்து, எலியைத் தின்னும் பறவையைக் குறைத்தால் யாருக்கு இலாபம்? இதனால்தான் பல தோட்டங்கள் பெட்டி வைத்துக் கூகைகளை வளர்க்கின்றன. உங்கள் தோட்டத்தில் அந்த மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஐம்பது புள்ளிக் கணக்கு

இனி படம். திறன்பேசியில் பருந்தைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: வானத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கும். ஏன் என்று பாடநூல் கணக்கிலேயே பார்க்கலாம். லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் அளவு ஏறத்தாழ, குவியத் தூரத்தைப் பறவையின் அளவால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் வரும். 33 சென்டிமீட்டர் பறவை 40 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. திறன்பேசி லென்ஸின் குவியத் தூரம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிம்பம் 0.05 மில்லிமீட்டர். உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.001 மில்லிமீட்டர் என்றால், முழுப் பருந்தும் ஐம்பது புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். ஐம்பது புள்ளியில் கண்ணின் நிறத்தை எங்கே தேடுவது?

400 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய கேமராவில் அதே பிம்பம் 3.3 மில்லிமீட்டர். அதன் படப்புள்ளி 0.004 மில்லிமீட்டர் என்றால் எண்ணூறு புள்ளிகளுக்கு மேல். அந்த லென்ஸ் வாங்கப் பல ஆயிரம் ரிங்கிட் வேண்டுமே என்கிறீர்களா? எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரின் ஒரு கண்ணாடியில் திறன்பேசியின் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். ஐம்பது புள்ளி நானூறாகும். கை நடுங்காமல் இருக்க மரத்திலோ வேலியிலோ சாய்ந்துகொள்ளுங்கள். முதல் பத்துப் படம் வட்டமான இருட்டுக்குள் எங்கோ கோணலாக விழும். பதினொன்றாவது பரவாயில்லாமல் இருக்கும். பள்ளிக் கழகத்துக்குப் பொதுவாக ஒரு பைனாகுலர் வாங்கினால் கேமராவைவிட அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

கேமரா உள்ளவர்களுக்குச் சில எண்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. உட்கார்ந்திருப்பதற்கு 1/500 போதும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே பருந்தின் அடிப்பகுதி கரியாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். ஃபோக்கஸ் எப்போதும் கண்ணில். கிளேபாங் கரை தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. அதனால் காலையில் கடலை நோக்கி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் மேல் ஒளி நன்றாக விழும். மாலையில் சூரியன் கடல் பக்கம் போய்விடும், பருந்து வெறும் நிழலுருவம்தான். அந்தி வானத்தில் நிழலுருவம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. வயதைக் கண்டுபிடிக்க உதவாது, அவ்வளவே. பத்து மணிக்கு மேல் மணல் சூடேறிக் காற்று அலையாடத் தொடங்கினால் எந்த லென்ஸும் தெளிவு தராது. அப்போது பைனாகுலரை எடுத்து வட்டமிடும் பறவைகளை எண்ணுங்கள்.

கருவியைவிடப் பொறுமை பெரிது என்பதற்குத் தமிழர் ஒருவரே சான்று. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வந்த 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே இணைத்துக்கொண்ட கேமராதான் அவர் கருவி. தானியங்கி ஃபோக்கஸ் இல்லை, ஒரு விநாடிக்கு இருபது படம் இல்லை.

எவ்வளவு நெருங்கலாம்?

மேலே சொன்ன கணக்கில் ஒரு தூண்டில் இருக்கிறது. தூரம் பாதியானால் பிம்பம் இரட்டிப்பாகும். எனவே கால்கள் தாமாகவே முன்னே நகரும். கூட்டின் அருகே அது ஆபத்து, உங்களுக்கல்ல, குஞ்சுக்கு.

நீங்கள் நெருங்கினால் தாய் எழுந்து போகும். எழுந்து போன நேரத்தில் நிழல் இல்லை. நம் ஊர் நண்பகல் வெயில் இறகு முளைக்காத குஞ்சைக் கொல்ல அதிக நேரம் எடுக்காது. காகங்களுக்கும் அதுதான் வாய்ப்பு. (நம் வீட்டுக் காகம் இந்நாட்டுப் பறவையே அல்ல. காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய்விட்டது, காகம் இருக்கிறது.) படத்துக்கு இடைஞ்சல் என்று கூட்டைச் சுற்றியுள்ள இலை, கிளைகளை ஒடிப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒடிப்பது குஞ்சின் குடையை.

சரியான தூரம் எத்தனை மீட்டர் என்று எண்ணாகச் சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். இறகு கோதிக்கொண்டிருந்த பறவை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் நின்றுவிடுங்கள். எச்சரிக்கைக் குரல் எழுந்தால் பின்வாங்குங்கள். தந்தை இரையுடன் வந்தும் கூட்டுக்குப் போகாமல் பக்கத்து மரத்தில் காத்திருந்தால், காரணம் நீங்கள்தான். உடனே கிளம்பிவிடுங்கள். கூடு உள்ள மரத்தைப் புலனக் குழுவில் போடாதீர்கள்; படத்தோடு இட விவரமும் சேர்ந்து போகாமல் திறன்பேசியில் அணைத்து வையுங்கள். ஒருவர் பார்த்தால் பருந்துக்குக் கவலையில்லை. ஐம்பது பேர் வந்தால் கூடு காலியாகும்.

இரை வைத்து வரவழைப்பதும் வேண்டாம். லங்காவியின் கிளிம் ஆற்றில் படகிலிருந்து கோழித் தோலை வீசிப் பருந்துகளைக் கூட்டிக் காட்டும் வழக்கத்தை இயற்கை ஆர்வலர்கள் கண்டித்து வந்திருக்கிறார்கள். பருந்துக்கு அது சத்தான உணவல்ல என்பது ஒன்று. மீனைப் பாய்ந்து பிடிக்கக் கற்க வேண்டிய வயதில் இளம் பறவை படகுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது என்பது இன்னொன்று; எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

தொலைவில் நின்று பார்த்தாலே எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு நியூயார்க் நகரத்தில் ஒரு கதை உண்டு. 1991-இல் அங்குள்ள சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குச் செவ்வால் பருந்து ஒன்று வந்தது. வரும்போது வால் சிவக்காத இளம் பறவை. தலை வெளிர் நிறம் என்பதால் பறவை ஆர்வலர்கள் அதற்கு 'பேல் மேல்' என்று பெயரிட்டார்கள். மரத்தில் கூடு கட்டப் பார்த்தபோது காகங்கள் விரட்டின. பிறகு பூங்காவுக்கு எதிரே ஒரு பணக்காரர் குடியிருப்பின் மேல்மாடி விளிம்பில் கட்டியது. 1995-இல் குஞ்சுகள் பறந்தன. பூங்கா இருக்கைகளில் உட்கார்ந்தபடி சாதாரண மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். 2004 டிசம்பரில் கட்டட நிர்வாகம் கூட்டை அகற்றியது. பார்த்தவர்கள் தெருவில் திரண்டார்கள். சில வாரத்துக்குள் கூடு இருந்த இடத்தில் அதற்கான தாங்கி மீண்டும் பொருத்தப்பட்டது. அத்தனை ஆண்டுக் குறிப்புகள் இல்லாவிட்டால் அது வெறும் குச்சிக் குவியல் என்றே போயிருக்கும்.

உங்கள் குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், வானிலை, எத்தனை பறவை, என்ன செய்தது, வயதுக்கு என்ன ஆதாரம் என்று எழுதுங்கள். 'இளம் பருந்து' என்று மட்டும் எழுதாமல் 'நெஞ்சில் நெடுக்குக் கீற்று, கண் பழுப்பு, வால் முனை வட்டம்' என்று எழுதினால், பத்து ஆண்டு கழித்தும் ஒருவர் அதைச் சரிபார்க்க முடியும். 'இபேர்ட்' தளத்தில் பதிவு செய்தால் உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

பழகிக்கொண்ட பிறகு ஒரு பெரிய தேர்வு இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தஞ்சோங் துவானுக்குப் போங்கள். போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். எதிரே சுமத்திராவின் ரூப்பாட் தீவு 38 கிலோமீட்டர் தூரத்தில். அங்கிருந்து கடலைக் கடந்து தேன் பருந்துகள் கூட்டம் கூட்டமாக வடக்கே திரும்பும். கடலுக்கு மேல் வெப்பக் காற்று குறைவு என்பதால் களைத்துப்போய்த் தாழ்வாகத்தான் கரையேறும். கலங்கரை விளக்கக் குன்றில் நின்றால் சில சமயம் கண்மட்டத்திலேயே பறக்கும். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தி வருகிறது.

தேன் பருந்துகளின் இறகு நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடும்; கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று எல்லாம் உண்டு. அங்கே இறகை நம்பி வயது சொல்ல முடியாது. படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். கண் மஞ்சளாக இருந்தால் முதிர்ந்த பெண். கண் கருமை, அலகின் அடிப்பகுதி சாம்பல் என்றால் முதிர்ந்த ஆண். கண் கருமை, அலகின் அடிப்பகுதி மஞ்சள் என்றால் அது இளம் பறவை.